கயலும் சிங்கமும்: பொருநைக் கரையில் சின்னங்களை ஆள்வது யார்?

1954 டிசம்பரில் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. மான்செஸ்டர் மாநகராட்சியின் மரபுச் சின்னத்தை அவ்வூர் நாடக அரங்கம் ஒன்று மேடைத் திரைக்கு மேலும் தன் அலுவல் முத்திரையிலும் போட்டுக்கொண்டிருந்தது. மாநகராட்சி ஆட்சேபித்தது, அரங்கத்தார் கேட்கவில்லை. சின்னங்கள் பற்றிய வழக்குகளைக் கேட்பதற்கென்றே இங்கிலாந்தில் இருந்த ‘கோர்ட் ஆஃப் சிவல்ரி’ என்ற பழைய மன்றத்துக்கு மாநகராட்சி போனது. அந்த மன்றம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கூடியிருக்கவில்லை. தூசி தட்டிக் கூட்டினார்கள், நாட்டின் தலைமை நீதிபதி கொடார்டு அமர்ந்து விசாரித்தார், மாநகராட்சி வென்றது.

இதே சிக்கல் திருநெல்வேலியில் வருவதாக வைத்துக்கொள்வோம். 1866இல் நகராட்சியாகி, 1994இல் மாநகராட்சியான ஊர் அது. அதன் சின்னத்தை ரதவீதிக் கடைக்காரர் ஒருவர் தம் பெயர்ப்பலகையில் வரைந்துகொண்டால் எந்த அலுவலகத்தின் படியேறுவது? மரபுச் சின்னங்களைப் பதிந்து காக்கும் தேசிய ஆணையம் இந்தியாவில் இல்லை. ஆனால் அப்படியோர் ஆணையம் செய்யும் வேலைகள் இங்கே நடக்காமலும் இல்லை. தில்லியின் உள்துறை அமைச்சகம், சென்னையின் பதிவகங்கள், அறநிலையத் துறையின் இணை ஆணையர் அலுவலகம், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் அறை என்று அவை சிதறிக் கிடக்கின்றன. இந்தச் சிதறலுக்குக் காரணம் நிர்வாக மறதி அன்று. சின்னம் யாருடையது என்ற கேள்விக்குத் திருநெல்வேலி அமைந்த தாமிரபரணி (பொருநை) பள்ளத்தாக்கு நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடையே வேறு.

பதிவேட்டின் ஆட்சி

முதலில் ஐரோப்பிய முறையைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் தந்த பட்டயத்தால் அமைந்தது. இன்றும் பதின்மூன்று அலுவலர்கள் அதில் இருக்கிறார்கள். மன்னரின் பெயரால் சின்னம் வழங்குவதும், யார் யாருடைய வாரிசு என்று வம்சாவளி பார்த்து உரிமையை உறுதிசெய்வதும் அவர்கள் வேலை. ஸ்காட்லாந்து இன்னும் கண்டிப்பானது. அங்கே 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அதில் ஏறாத சின்னத்தைப் பயன்படுத்துவது குற்றம். ‘லார்டு லயன்’ என்ற தலைவரின் மன்றம் இன்றும் உயிருள்ள நீதிமன்றம். அதற்கென்று தனி அரசு வழக்கறிஞரும் உண்டு. டொனால்டு டிரம்பின் கோல்ஃப் நிறுவனம் ஸ்காட்லாந்தில் பதிவில்லாத சின்னம் ஒன்றைக் காட்டியபோது இந்த மன்றம் குறுக்கிட்டது. முறைப்படி வழங்கப்பட்ட புதிய சின்னத்தை 2012இல்தான் நிறுவனம் பெற்றது.

தென்னாப்பிரிக்கா 1962இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. கனடா 1988இல் தன் ஆணையத்தை நிறுவிக்கொண்டது. தென்னாப்பிரிக்க முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊராட்சியோ பள்ளியோ தனிமனிதரோ விண்ணப்பித்தால், அதை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்ட பிறகே பதிகிறார்கள். அரசகுலப் பெருமையை நம்பியிராத குடிமுறை ஏற்பாடு அது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். சின்னம் ஒரு சொத்து. அதற்கு உரியவர் உண்டு. அது பிள்ளைக்கு இறங்கும். அரசு அதன் பதிவாளர்.

கயலின் கதை

பொருநைக் கரையின் மிகப் பழைய அரச சின்னம் பாண்டியரின் கயல் மீன். ஆறு கடலில் சேரும் இடத்தில் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை பாண்டியரின் பழைய தலைப்பட்டினம். இன்று கடல் பின்வாங்கி அது உள்நாட்டு ஊராகிவிட்டது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் கொற்கைக்குத் தனி இடம் தந்தார். வேலூரில் இருந்த லோவெந்தால் என்ற பாதிரியார் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். சங்க காலப் பெருவழுதி காசு தொடங்கிப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காசுவரை மீன் விடாமல் நீந்திவருகிறது. சில இடங்களில் ஒற்றை மீன், சில இடங்களில் இரட்டை, சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே செண்டு.

இப்படி உருவம் மாறியதை யாரும் குற்றமாகக் கருதியதாகத் தெரியவில்லை. மீன் எத்தனை, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைவிட அது எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பொருளுடையதாக இருந்தது. காசில் இருந்தால் அந்தக் காசு செல்லும். செப்பேட்டு வளையத்தின் முத்திரையில் இருந்தால் அந்த நிலக்கொடை செல்லும். கோயில் விதானத்தில் இருந்தால் அந்தக் கோயில் பாண்டியன் காவலில் இருக்கிறது. கடல் கடந்து திருகோணமலையில், இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் இடத்தின் வாயிற்கல்லில் இருந்தால் பாண்டியன் படை அதுவரை வந்திருக்கிறது. இமயத்தில் கயல் பொறித்ததாகப் பாண்டியர் மெய்க்கீர்த்திகள் பெருமை பேசுவதும் இதே இலக்கணத்தில்தான். சின்னம் இருக்கும் இடம்வரை ஆணை செல்லும்.

இந்த இலக்கணத்தை அழகாகக் காட்டுவது வென்றவரின் முத்திரை. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழரின் புலி அமர்ந்திருக்க, பக்கத்திலேயே பாண்டியரின் இரட்டைக் கயலும் சேரரின் வில்லும் இருக்கின்றன. மேலே குடையும் சாமரமும். தோற்றவனின் சின்னத்தை அழிக்காமல் தன் வட்டத்துக்குள் எடுத்துவைத்துக்கொண்டான் வென்றவன். சிலப்பதிகாரத்திலும் வடநாட்டு மன்னர்களுக்கு அனுப்பும் ஓலையில் வில், கயல், புலி மூன்றையும் பொறிக்க வேண்டும் என்று சேரன் அவையில் யோசனை சொல்லப்படுகிறது. தமிழகம் முழுவதற்கும் பேசுபவன் மூன்று சின்னங்களோடும் பேச வேண்டும் என்பது கருத்து. ஐரோப்பியரும் திருமணத்தாலும் வாரிசுரிமையாலும் சின்னங்களைச் சேர்த்துக் கேடயத்தை நான்காகப் பிரித்ததுண்டு. இங்கே சேர்க்கைக்குக் காரணம் மணவினை அன்று; ஆளும் எல்லை.

இப்படி வென்றவன் தன் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டதன் விளைவைப் பள்ளத்தாக்கு நேரடியாகவே கண்டது. ராஜேந்திரன் தன் மகனைச் ‘சோழ பாண்டியன்’ என்ற பட்டத்தோடு இங்கே ஆளவைத்தான். இந்தச் சோழ பாண்டியர் காலக் கல்வெட்டுகள் மன்னார்கோயிலிலும் சேரன்மாதேவியிலும் கிடைக்கின்றன. நாட்டுக்கு ‘ராஜராஜப் பாண்டிநாடு’ என்று பெயர் வந்தது. சேரன்மாதேவி ‘நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம்’ ஆனது. ஊர்ப்பெயரே ஒரு முத்திரையாகக் குத்தப்பட்டது. அந்த ஆட்சி போனதும் பெயர்களும் போயின.

எல்லைக் கல்

அரசனுக்கு மட்டும் அல்ல, கோயிலுக்கும் சின்னம் இருந்தது. சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் சூலக்கல் நட்டார்கள்; பெருமாள் கோயில் நிலத்தில் திருவாழிக்கல் நட்டார்கள். அந்தக் கல்லைப் பார்த்த வரியதிகாரி, இந்த வயலின் விளைச்சல் யாருக்குச் சேரும் என்று தெரிந்துகொண்டான். படிப்பறிவில்லாத உழவனுக்கும் அது தெரிந்தது. வயல் அளந்த கோலுக்கும் அரசனின் பெயர் இருந்தது. பாண்டிய நாட்டில் நிலம் ‘சுந்தர பாண்டியன் கோல்’ கொண்டு அளக்கப்பட்டது. சின்னம் இங்கே வருவாய்த் துறையின் கருவி.

இந்த மரபின் பிந்தைய சாட்சி செங்கோட்டையில் நிற்கிறது. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றின் நீர்ப்பரப்பில் உள்ள ஊர் அது. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. ஊர் நுழைவில் உள்ள வளைவில் துவாரபாலகர்களுக்கு நடுவே திருவிதாங்கூரின் சங்கு இருக்கிறது. அந்தச் சங்கு ஒரு குடும்பத்தின் பெருமையைச் சொல்வதற்கு முன், இந்த இடத்திலிருந்து வேறு அரசின் சுங்கமும் சட்டமும் தொடங்குகின்றன என்பதைச் சொன்னது. மாநில எல்லை மாறி ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தபின் அதன் அதிகாரம் போய்விட்டது. கல் மட்டும் வரலாறாக இருக்கிறது.

தில்லியில் தைத்த கொடிகள்

ஐரோப்பிய மரபுச் சின்ன முறையை இந்தியாவில் ஊன்ற ஆங்கிலேயர் ஒருமுறை முயன்றார்கள். விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க, 1877 ஜனவரி 1 அன்று லிட்டன் பிரபு தில்லியில் கூட்டிய பெருஞ்சபையில் ஆளும் சமஸ்தானாதிபதிகளுக்குப் பட்டுக்கொடிகள் வழங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐரோப்பியக் கேடய வடிவில் ஒரு சின்னம். அவற்றை வரைந்தவர் வங்காள சிவில் பணியில் இருந்த ராபர்ட் டெய்லர். குலதெய்வம், பழங்கதை, நாட்டின் விலங்கு ஆகியவற்றைக் கேட்டறிந்து அவற்றை ஆங்கிலேய இலக்கணத்தில் அடுக்கினார். கொடிகள் தூக்க முடியாத கனம் என்று அன்றே கேலி எழுந்தது.

அந்தக் கொடி எதுவும் திருநெல்வேலிக்கு வரவில்லை. 1801இல் கம்பெனி ஆட்சிக்குள் வந்த இந்தச் சீமையில் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டிருந்தார்கள். எட்டயபுரம், சிவகிரி, ஊத்துமலை, சிங்கம்பட்டி என்று பெயர்பெற்ற ஜமீன்கள் இருந்தன. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஆளும் மன்னர்கள் அல்லர், அரசுக்குப் பேஷ்குஷ் என்னும் வரி கட்டும் நிலக்கிழார்கள். அவர்களின் பெருமைக்கு அங்கீகாரம் வேறோர் இடத்தில் கிடைத்தது.

மரியாதை என்னும் பதிவேடு

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைத் திருவிழாவின்போது சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடை தரித்துக் காட்சி தருவது வழக்கமாக இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. ஆனால் முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் எனப் பெயர்பெற்ற முருகதாஸ் தீர்த்தபதி, 2020இல் மறையும்வரை அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார். நிலமும் வரியும் ஆட்சியும் போனபின் எஞ்சியது கோயில் மரியாதை.

பள்ளத்தாக்கின் ஒவ்வொரு கோயிலுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம், தேர் வடத்தை யார் முதலில் தொடுவது, குடை யார் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படாத பதிவேட்டில் இருக்கின்றன. தகராறு வந்தால் தீர்ப்பவர் யார்? 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு விடை சொல்கிறது. கோயிலில் ஒருவருக்கு வழக்கப்படியோ வேறுவகையிலோ மரியாதை பெறும் உரிமை உண்டா என்பதை அறநிலையத் துறையின் இணை ஆணையரோ துணை ஆணையரோ விசாரித்து முடிவு செய்யலாம். மேல்முறையீடு ஆணையருக்கு, அதற்குமேல் நீதிமன்றம். சாட்சி கேட்டு, செப்பேடும் பழைய கணக்கும் பார்த்து, வம்சாவளி ஆராய்ந்து, இன்னாருக்கு இந்த உரிமை உண்டு அல்லது இல்லை என்று எழுதுகிறார் அந்த அதிகாரி. ஸ்காட்லாந்தின் லயன் மன்றத்துக்குத் தமிழ்நாட்டில் மிக அருகே வருவது இந்த மேசைதான். வேறுபாடு ஒன்று உண்டு: அவர் தரும் உரிமை கோயில் மதிலுக்குள் மட்டும் செல்லும், ஊர்வலம் தெருவுக்கு வந்தால் அது காவல்துறையின் கவலை.

சிங்கத் தலைக்கு வந்த சட்டம்

1950 ஜனவரி 26 அன்று அசோகரின் சாரநாத் சிங்கத் தலை நாட்டின் சின்னமானது. அதில் ஒரு வரலாற்று நயம் இருக்கிறது. அசோகரின் 2ஆம், 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டுகள் சோழரையும் பாண்டியரையும் அவர் ஆட்சிக்கு அப்பால் உள்ளவர்களாகவே குறிக்கின்றன. மௌரியர் ஆணை செல்லாத இந்தக் கரைக்கு அவர்களின் சிங்கம் குடியரசின் சின்னமாகத்தான் முதன்முதலில் வந்தது.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு, படை அல்லது கல்வித் தகுதி அல்லாத பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்றது. மரபுச் சின்ன ஆணையம் இந்தியாவில் முளைக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. குலப்பெருமைக்குச் சான்று கொடுக்க மறுத்த அரசு, அதைப் பதியும் அலுவலகம் எதற்குத் திறக்கப்போகிறது? அரசு தன் சின்னத்தைக் காப்பதில் மட்டும் கருத்தாக இருந்தது. 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் அரசுச் சின்னங்களையும், ஐக்கிய நாடுகள் அவை, மகாத்மா காந்தி முதலிய பெயர்களையும் வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. உள்ளாட்சியோடு தொடர்பிருப்பதுபோல் காட்டும் பெயர்களும் அதில் அடங்கும். அச்சட்டத்தின் தண்டனை போதாது என்று 2005இல் தேசியச் சின்னத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டுவரை சிறை, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், மீண்டும் செய்தாலோ முறையற்ற ஆதாயத்துக்காக வணிகத்தில் பயன்படுத்தினாலோ குறைந்தது ஆறு மாதச் சிறை. வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டும்.

2007இல் வந்த விதிகள் யார் யார் சிங்கத் தலையைப் பயன்படுத்தலாம் என்று பட்டியலிடுகின்றன. விதிகள் மறுக்கும் இடங்கள்தாம் அதைவிடச் சுவையானவை. முன்னாள் அமைச்சர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், ஓய்வுபெற்ற நீதிபதி ஆகியோருக்கு உரிமை இல்லை. நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. ஆக, பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் அமைச்சராகும் நாளில் சிங்கம் அவர் கடிதத்தாளில் வந்து உட்காரும். பதவி போகும் நாளில் இறங்கிவிடும். மகனுக்குப் போகாது. சின்னம் ஆளைச் சேராது, பதவியைச் சேரும் என்ற கொள்கை இது. கயலின் பழைய இலக்கணத்துக்கு இது அந்நியமானதன்று.

ஐரோப்பிய மரபோடு வேறுபாடு ஓவியத்திலும் இருக்கிறது. ஐரோப்பிய மரபில் சின்னம் சொற்களால் வரையறுக்கப்படும். ‘நீலத் தளத்தில் பொன் சிங்கம்’ என்று எழுதிவைத்தால், ஓவியர் தம் கைவண்ணப்படி வரையலாம். இந்தியச் சட்டமோ பின்னிணைப்பில் படத்தையே ஒட்டியிருக்கிறது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் நிறுவிய சிங்கங்கள் சினம் மிகுந்து தோன்றுகின்றன என்று 2022இல் வழக்கு வந்தபோது, தோற்றம் பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்தது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படத்தைச் சட்டமாக்கினாலும் பார்வையைச் சட்டமாக்க முடியாது என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.

தமிழ்நாட்டரசின் சின்னமும் இந்த விதிகளுக்குள்தான் வருகிறது. 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த கோபுரம் அது. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று மக்கள் நம்புகிறார்கள், மதுரை மேலக் கோபுரம் என்ற வாதமும் உண்டு. அந்தக் கோபுரத்தின் முன் சிங்கத் தலை இருக்கிறது. அண்ணா ஆட்சியில் ‘வாய்மையே வெல்லும்’ என்ற தமிழ் வாசகம் வந்தது. தேசியச் சின்னத்தைத் தன் சின்னத்துக்குள் புதிதாகச் சேர்க்க விரும்பும் மாநிலம் நடுவண் அரசின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும். முன்பே சேர்த்தவை தொடரலாம். வென்றவன் வட்டத்துக்குள் தோற்றவன் சின்னம் இருந்த காலம் போய், மாநிலத்தின் சின்னத்துக்குள் ஒன்றியத்தின் சிங்கம் இருக்கும் காலம் இது.

சட்டம் எட்டாத இடங்கள்

அரசுக்குக் கீழே, தனிமனிதருக்கு மேலே ஒரு பரப்பு இருக்கிறது. ஊராட்சிகள், கல்லூரிகள், தொழில்குழுக்கள் நிற்கும் இடம் அது. அவற்றின் சின்னங்களுக்கு வணிகக் குறிப் பதிவு ஒன்றுதான் கதி. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொருள், சேவை வகை வாரியாகத்தான் காப்பு. ஊராட்சி மன்றம் எந்தச் சரக்கை விற்கிறது?

இந்தப் பரப்பில் தாமிரபரணிக்கு ஒரு நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. ஆற்றங்கரைக் கோரையில் நெய்யும் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குறியீட்டை யாரும் விலைக்கு விற்கவோ வேறொருவர் பேருக்கு மாற்றவோ முடியாது. ஊரையும் கைத்தொழிலையும் விட்டு அது நகராது. கேடயமும் கிரீடமும் இல்லாத அந்தப் பதிவு, இடத்தைச் சேர்ந்த சின்னம் என்ற பழைய எண்ணத்தின் மிக நாகரிகமான வடிவம்.

இன்னொரு மூலையில் நிலைமை கசப்பானது. நெல்லைச் சீமைப் பள்ளிகளில் மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றியில் இடும் பொட்டு, மோதிரம் ஆகியவை சாதி அடையாளமாகப் பயன்பட்டன. சிவப்பு யாருக்கு, மஞ்சள் யாருக்கு, பச்சை யாருக்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நிறம் பிறப்பைச் சொல்லும். ஐரோப்பிய மரபுச் சின்னத்தின் எல்லா இலக்கணமும் இதில் இருக்கிறது. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்பு எழுந்ததும் பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்ல, அது அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது.

இதையும் கயல், சிங்கத் தலை வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் முன்னோரே பாண்டியர் என்று உரிமை கோரும் சமூகங்கள் தென்தமிழ்நாட்டில் பல உண்டு. மீன் இன்னார் சின்னம் என்று அரசு ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தால், அந்தப் பக்கம் அடுத்த நாளே சுவரொட்டியாகியிருக்கும். பிறப்பைச் சொல்லும் சின்னத்துக்கு அரசு முத்திரை கொடுக்காமல் இருந்தது 18ஆம் உறுப்பு நமக்குச் செய்த நன்மை.

ஆனால் அந்த நன்மை, நிறுவனங்களின் சின்னங்களைக் கவனிப்பாரற்று விடுவதற்குக் காரணமாகக் கூடாது. மாநகராட்சி, ஊராட்சி, பல்கலைக்கழகம், அறக்கட்டளை ஆகியவற்றின் சின்னங்களுக்கு மட்டும் மாநில அளவில் ஒரு பொதுப் பதிவேடு வைக்கலாம். தென்னாப்பிரிக்காவைப்போல் அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கலாம். வடிவம் யார் வரைந்தது, எந்தத் தீர்மானத்தால் ஏற்கப்பட்டது என்பதைப் பதியலாம். தமிழ்நாட்டுச் சின்னத்தில் இருப்பது எந்தக் கோபுரம் என்று எழுபது ஆண்டுகளாக வாதிடுகிறோமே, அந்த நிலை நாளை ஒரு பேரூராட்சிக்கு வராமல் தடுக்க ஒரு கோப்பு போதும். தனிமனிதருக்கும் குலத்துக்கும் சமூகத்துக்கும் அந்தப் பதிவேட்டில் பக்கம் இருக்கக் கூடாது. இடத்துக்கும் பொறுப்புக்கும் சின்னம் உண்டு, பிறப்புக்கு இல்லை என்பதை அதன் முதல் விதியாக எழுதிவிட்டால், மற்ற விதிகளை எழுதுவது எளிது.